வேர்த்துக் கொட்டும் ஊரில் எதற்கு உல்லன் குல்லா? ராயபுரம் முதல் எண்ணூர் வரை... கையால் பின்னும் பரிசுகள் யாருக்குத் தேவை?

சித்திரை வெயிலில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒருவரை நிறுத்தி, `இந்தாங்க, உங்களுக்காகப் பின்னின உல்லன் குல்லா' என்று நீட்டினால் என்ன சொல்வார்? முதலில் சிரிப்பார். அப்புறம், `இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?' என்று கேட்பார்.

நியாயமான கேள்விதான். மார்கழி, தை மாதங்களில்கூட சென்னையின் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஸ்வெட்டர் என்பது இங்கே ஊட்டிக்குப் போகும்போது பீரோவிலிருந்து எடுக்கும் பொருள்.

ஆனாலும், பின்னல் வேலை வடசென்னை வீடுகளுக்குப் புதிதல்ல. வாசல் நிலையில் உல்லன் தோரணம், டி.வி மேல் குரோஷா விரிப்பு, மார்க்கெட்டுக்குப் போக வயர் கூடை என ஆயாக்களும் அம்மாக்களும் பின்னித் தள்ளிய காலம் ஒன்று உண்டு. இன்று யூடியூப் பார்த்துப் பேத்திகள் மறுபடி ஊசியைக் கையில் எடுக்கிறார்கள். பின்னியதைப் பிறந்த நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதிகளுக்கும் கொடுக்கிறார்கள்.

அவற்றில் பல, வாங்கியவரின் அலமாரிக்குள் போய்விடும். காரணம் எளிது. பின்னுகிறவருக்குப் பிடித்தது எது என்று யோசித்த அளவுக்கு, வாங்குகிறவருக்குத் தேவை எது என்று யோசிப்பதில்லை. துறைமுகங்களும் ஆலைகளும் நிறைந்த இந்தக் கடற்கரைப் பகுதியிலேயே, கையால் பின்னிய பரிசு நிஜமாகவே தேவைப்படும் மூன்று பேரை நாம் சந்திக்க முடியும். அதற்கு முன், இந்தப் பின்னலைப் பற்றிக் கொஞ்சம்.

வலைக்கும் பனியனுக்கும் நடுவே...

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த இடத்தில் கண்ணி கண்ணியாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கை இறுகினால் கண்ணி சின்னதாகிவிடும், தளர்ந்தால் பெரிதாகிவிடும். உல்லன் பின்னுகிறவர்கள் முதலில் பழக வேண்டியதும் இதே கைப்பக்குவம்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. மீன் வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு இருக்கிறது. அதனால் ஓர் இடம் கிழிந்தாலும் மற்ற இடம் நிற்கும். உல்லன் பின்னலில் முடிச்சு கிடையாது. ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுத்துக்கொண்டே போவதுதான் வேலை. அதனால்தான் அது இழுத்தால் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். சின்னதாகிப்போன அண்ணனின் ஸ்வெட்டரைப் பிரித்து, தங்கைக்குக் குல்லா பின்னலாம் என்பது இந்தக் கலையின் பெரிய சலுகை.

திருப்பூர் பனியனும் டி-ஷர்ட்டும் இதே முறையில் உருவானவைதான். நெசவில் பாவு, ஊடை என இரண்டு வரிசை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் நூல் வளைந்து வளைந்து துணியாகும். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-ல் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். கைப்பின்னல் ஆலைக்குள் போன பயணத்தின் தொடக்கம் அது.

கையால் பின்னுவதில் இரண்டு வகை பிரபலம். இரண்டு நீள ஊசிகளால் பின்னுவது நிட்டிங். முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் பின்னுவது குரோஷே. நம் வீடுகளில் அதற்குக் குரோஷா என்றும் பெயர். குரோஷேவைக் கற்றுக்கொள்வது எளிது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வளையம்தான் ஊசியில் இருக்கும் என்பதால், தவறினாலும் பெரிதாக எதுவும் அவிழ்ந்துவிடாது.

சென்னையில் விரிந்த 50 கிரவுண்ட் போர்வை

வெயில் ஊரில் யார் பின்னுவார்கள் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையே பதில் வைத்திருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய `மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 2016 ஜனவரி 31-ம் தேதி சென்னையில் உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் 1,20,000 சதுர அடி, அதாவது 50 கிரவுண்ட்!

யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியதல்ல அது. இந்தியாவின் பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள், அவரவர் வீட்டில் பின்னிய போர்வைகளை அனுப்ப, அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. சாதனை முடிந்த பிறகு அவை தேவைப்படுவோருக்குத் தானமாக வழங்கப்பட்டன. 2017-ல் இதே குழு 14.089 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்கார்ஃபைப் பின்னியது. ராயபுரத்தில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை எண்ணூர்ப் பக்கம் போய்ச் சேரும். 2018-ல் 58,917 குரோஷே உருவங்களைக் காட்சிக்கு வைத்து இன்னொரு சாதனை.

பின்னத் தெரிந்த கைகளுக்குச் சென்னையில் குறைவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தக் கைகள் பின்னுவது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி.

முதல் ஆள்: பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவர்

ராயபுரத்தில், ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து இயங்குகிறது ஆர்.எஸ்.ஆர்.எம் மகப்பேறு மருத்துவமனை. வடசென்னையின் பல தலைமுறைகள் பிறந்த இடம். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், பிறந்த குழந்தைக்குக் குளிரும். இதை நம்மில் பலர் யோசிப்பதில்லை.

தாயின் வயிற்றுக்குள் 37 டிகிரிச் சூட்டில் இருந்த குழந்தை, உடம்பெல்லாம் ஈரத்தோடு வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போதே உடல் சூடு குறையத் தொடங்கும். குளிர்சாதன அறை என்றால் இன்னும் வேகமாகக் குறையும். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தையின் உடம்பில் தலையின் பங்கு அதிகம். அதனால் மூடாத தலை வழியாக இழக்கும் சூடும் அதிகம். எடை குறைவாகவோ மாதம் முழுமையாகாமலோ பிறந்த குழந்தைகளுக்குத் தோலுக்குக் கீழே கொழுப்பும் குறைவு. சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களால் முடியாது.

பச்சிளம் குழந்தையின் இயல்பான உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே போனால் மூச்சுத்திணறல், ரத்தத்தில் சர்க்கரை குறைவது எனச் சிக்கல்கள் தொடரலாம். அதனால்தான் உடனே துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, தலையில் குல்லா போடச் சொல்கிறார்கள்.

இந்த அணைப்புக்கு `கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர். 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிவைத்த முறை இது. டயப்பர், சாக்ஸ், குல்லா மட்டும் அணிந்த குழந்தை, தாயின் வெற்று மார்பில் தோலோடு தோலாகக் கிடக்கும். ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்கலாம்.

டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட 5 நாடுகளின் 5 மருத்துவமனைகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையிருந்த 3,211 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. உடல்நிலை சீரான பிறகு இந்த முறையைத் தொடங்கிய குழந்தைகளில், முதல் 28 நாளில் 15.7 சதவிகிதம் பேர் இறந்தனர். பிறந்த உடனேயே தொடங்கிய குழந்தைகளில் அது 12 சதவிகிதமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், தாமதிக்காமல் தொடங்கும்படி தன் பரிந்துரையைப் புதுப்பித்தது.

உயிரைக் காப்பது தாயின் அணைப்புதான். குல்லா அதற்கு ஒரு துணை. அந்தத் துணையை ஒரு பெரியம்மாவோ, அத்தையோ ஒரு மாலைப்பொழுதில் பின்னிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெல்லிய பனியன் துணிக் குல்லா பிரசவ அறையில் சூட்டைப் பெரிதாகக் காப்பதில்லை, உல்லன் குல்லா காக்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் மருத்துவமனைக்கான குல்லாவை நெருக்கமாகவும், விளிம்பை இரண்டாக மடிக்கும்படியும் பின்னுவது நல்லது. நூல் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்தக் கூடாது. பஞ்சு போல் முடி உதிரும் நூல் வேண்டாம். பட்டன், மணி, குஞ்சம், கட்டும் கயிறு எதுவும் கூடாது. சாக்ஸ் பின்னினால் உள்பக்கத்தில் நூல் தொங்கக் கூடாது. குழந்தையின் கால்விரலில் அது சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே தடைப்படும்.

மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 34, 35 சென்டிமீட்டர். பின்னல் விரியும் என்பதால் குல்லாவை அதைவிட 2, 3 சென்டிமீட்டர் குறைவாகப் பின்னினால் சரியாக இருக்கும். குறைப்பிரசவக் குழந்தைக்கு இன்னும் சின்னதாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு கதை வேறு. ஆரோக்கியமான குழந்தைக்குச் சென்னை வெயிலில் நாள் முழுக்க உல்லன் குல்லா தேவையில்லை. தூங்கும்போது தலையை மூடிவைத்தால் உடல் சூடு அளவுக்கு மீறி ஏறும் ஆபத்து உண்டு. எனவே வீட்டில் போடுவதற்கு என்றால் காட்டன் நூலில் மெல்லியதாகப் பின்னுங்கள். தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குழந்தை பிறக்கும் முன் அதற்கென எதையும் வாங்கிவைக்கக் கூடாது என்பது நம் வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கும் வழக்கம். தாத்தாவின் பழைய வேட்டியும் ஆயாவின் நைந்த நூல் புடவையும்தான் முதல் துணி. அந்த மனதைப் புண்படுத்தாமல், பின்னியதை உங்கள் வீட்டிலேயே வைத்திருந்து, பிரசவச் செய்தி வந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொடுக்க நினைப்பவர்கள், என்ன வகை நூல், என்ன அளவு, எப்படித் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு பின்னுவது நல்லது.

இரண்டாவது ஆள்: கப்பலேறும் பிள்ளை

1881 முதல் இயங்கும் சென்னைத் துறைமுகம், 2001-ல் எண்ணூரில் தொடங்கிய காமராஜர் துறைமுகம், அதையடுத்து காட்டுப்பள்ளி என, சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்று துறைமுகங்கள் உள்ள பகுதி இது. உலகக் கப்பல்களுக்கு மாலுமிகளை அதிகம் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வங்கக் கடலில் 30 டிகிரியில் வேலை பார்க்கும் அதே பையன், சில வாரங்களில் உறைபனிக் காற்று வீசும் பால்டிக் கடலில் டெக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

அவர்களுக்காகப் பின்னும் வழக்கம் 100 ஆண்டுகளைக் கடந்தது. நியூயார்க்கில் இயங்கும் `சீமென்ஸ் சர்ச் இன்ஸ்டிடியூட்', 1898-லேயே `கிறிஸ்துமஸ் அட் சீ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீட்டில் பின்னிய குல்லா, மஃப்ளர் போன்றவை, பண்டிகை நாளிலும் வீட்டுக்குப் போக முடியாத மாலுமிகளுக்குப் பரிசாகப் போய்ச் சேருகின்றன. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் முகம் தெரியாது. வாங்குபவர் நம்மூர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், மறந்தும் நீளமான மஃப்ளர் பின்னிவிடாதீர்கள். தொங்கும் முனை, சுழலும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளலாம். கழுத்தை மட்டும் வளையமாகச் சுற்றி நிற்கும் பின்னலும், காதை மூடும், குஞ்சமில்லாத குல்லாவும் பாதுகாப்பானவை. ஹெல்மெட்டுக்குள் போட வேண்டியிருக்கும் என்பதால் குல்லா தடிமனாகவும் இருக்கக் கூடாது.

நூல் விஷயத்தில் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் `உல்லன்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, துவைப்பது எளிது. ஆனால், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அசல் கம்பளி அப்படி எளிதில் தீப்பிடிக்காது. கொஞ்சம் ஈரமானாலும் கதகதப்பு தரும். இன்ஜின் அறையிலோ, கப்பல் சமையலறையிலோ வேலை பார்ப்பவருக்கு அசல் கம்பளியே சரி.

மூன்றாவது ஆள்: சிகிச்சை முடிந்து வந்த தோழி

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் மார்பகத்தை இழந்த பெண்கள், ஜாக்கெட் போடும் ஒவ்வொரு நாளும் அந்த இழப்பை உணர்கிறார்கள். சிலிகான் செயற்கை மார்பகங்கள் விலை அதிகம், கனமும் அதிகம். நம்மூர் வெயிலில் வேர்வை வேறு.

அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் நகரைச் சேர்ந்த பார்பரா டெமோரெஸ்ட், தன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2011-ல், நூலால் பின்னி உள்ளே பஞ்சு அடைத்த லேசான செயற்கை மார்பகங்களை மற்ற பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். `நிட்டட் நாக்கர்ஸ்' என்ற அந்த முயற்சி பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் ஜெயஸ்ரீ ரத்தன் நிறுவிய `சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன்', தன்னார்வலர்கள் பின்னித் தருவதை இங்குள்ள பெண்களுக்கு இலவசமாக வழங்கிவருகிறது.

இதற்கு மென்மையான காட்டன் நூல்தான் ஏற்றது. பிராவுக்குள் வைத்துக்கொள்ளலாம், துவைக்கலாம், பஞ்சைக் கூட்டிக் குறைத்து அளவைச் சரிசெய்துகொள்ளலாம். காயம் முழுதாக ஆறிய பிறகு, மருத்துவர் சரி என்று சொன்னால் மட்டுமே அணிய வேண்டும். பாத்திமாவுக்கோ, பாக்கியத்துக்கோ நீங்கள் நேரடியாகப் பின்னித் தரப்போகிறீர்கள் என்றால், முதலில் தனியாகப் பேசி அவர் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பிரித்துக் காட்டும் பரிசு அல்ல இது.

தொடங்க நினைக்கிறீர்களா?

* முதல் முயற்சிக்கு வெளிர் நிறத்தில், கொஞ்சம் தடிமனான நூல் வாங்குங்கள். கறுப்பு, கருநீலம் வேண்டாம். வளையம் கண்ணுக்குத் தெரியாது. பாரிமுனை, சவுகார்பேட்டை கடைத்தெருக்களில் நூலும் ஊசியும் கிடைக்கும்.

* பச்சிளம் குழந்தைக் குல்லாவுக்கு 50 கிராம் உருண்டை ஒன்றே தாராளம். புதிதாகக் கற்றவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கலாம். முழு ஸ்வெட்டருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதில் போய்த் தொடங்காதீர்கள்.

* எதைப் பின்னுவதற்கு முன்பும், உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். சுருங்குமா, சாயம் போகுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். பல மணி நேர உழைப்பை அந்தச் சின்னச் சதுரம் காப்பாற்றும்.

* வேர்க்கும் கைக்கு மர ஊசியோ, மூங்கில் ஊசியோ வழுக்காமல் இருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்குங்கள்.

* பரிசோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். என்ன நூல், எப்படித் துவைக்க வேண்டும், நிழலில் காயவைக்க வேண்டுமா என்று தமிழில் இரண்டு வரி எழுதினால் போதும். அசல் கம்பளியை வெந்நீரில் ஊறவைத்து, பெரியவர் குல்லா பொம்மைக் குல்லாவாகச் சுருங்கிப்போன கதைகள் நிறைய உண்டு.

கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ கொடுக்க வேண்டுமென்றால், புரட்டாசியிலேயே ஊசியை எடுத்துவிடுங்கள். நூல் கடைக்குக் கிளம்புவதற்கு முன், யாருக்காகப் பின்னப்போகிறீர்களோ அவருக்கு ஒரு போன் போடுங்கள். எங்கே வேலை, என்ன அளவு, எது உறுத்தும், எது பிடிக்கும் என்று கேளுங்கள். ரொம்ப நாளாகப் பேசாத மச்சானாகவோ, சிநேகிதியாகவோ இருந்தால், பேச்சு அதோடு நிற்காது.